சோளத் தட்டையில் பூக்கும் வெண்மெழுகு: வறட்சியைத் தாங்க அது எந்த அளவுக்கு உதவுகிறது?

கேள்வி — வைப்பாற்றுக்கரை

அனைவருக்கும் வணக்கம். விளாத்திகுளம் வட்டாரத்தில் மானாவாரிக் கரிசலில் சோளம் பயிரிடும் குடும்பம் எங்களுடையது. புரட்டாசியில் விதைத்து, வடகிழக்குப் பருவமழையில் வளர்ந்து, மழை ஓய்ந்த பின் கரிசல் பிடித்து வைத்திருக்கும் ஈரத்தை மட்டுமே நம்பிக் கதிர் முற்ற வேண்டிய பயிர் அது. மார்கழியில் ஒரு மழைகூட விழாத ஆண்டுகளில், பால் பிடிக்கும் நேரத்தில் இலை சுருளத் தொடங்கி மணி சிறுத்துப் போகிறது.

எங்கள் புஞ்சையில் இரண்டு வகைச் சோளம் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றின் இலையுறையிலும் தண்டிலும் இலையின் அடிப்புறத்திலும், விரலால் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது. கதிர் உறைக்குள் திரளும் பொதிப் பருவம் நெருங்க நெருங்க அது கூடுகிறது. மற்றொன்றில் அந்தப் பொடி மிகவும் குறைவு, தட்டை பச்சையாகவே தெரிகிறது. இதைச் சாம்பல் நோய் என்று கருதி மருந்துக்கடையில் கந்தகத் தூள் வாங்கி வந்தவர்களும் எங்கள் ஊரில் உண்டு. என் பெரியப்பாவோ, சாம்பல் பூத்த தட்டைதான் காய்ச்சலைத் தாங்கும் என்று சொல்லி, விதைக்கதிரை அதிலிருந்தே எடுத்து வைப்பார்.

அந்தப் பொடி உண்மையிலேயே நீரைக் காக்கிறதா, காக்கிறதென்றால் பயிரின் எந்தக் கட்டத்தில் காக்கிறது, அதை அடையாளமாக வைத்து விதை தேர்ந்தெடுப்பது சரிதானா என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். கூடவே ஒரு சந்தேகமும் உண்டு. பூச்சிக்கு வேப்பங்கொட்டைக் கரைசலில் சோப்பு கலந்து தெளிக்கிறோம். அந்தச் சோப்பு இந்தப் பூச்சைக் கழுவிவிடாதா?

பதில் — இலைத்துளை

வணக்கம். கல்லூரியில் தாவர உடலியங்கியல் கற்பித்தவன் என்ற முறையில் முதல் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்கிறேன். விதைத் தேர்வைப் பற்றிப் பயிர்ப் பெருக்கம் அறிந்தவர்கள் சொல்வதே பொருத்தம்.

நீங்கள் பார்ப்பது நோயல்ல. சாம்பல் நோய் திட்டுத் திட்டாகத் தொடங்கிப் பரவும். இதுவோ இலையுறை முழுவதும் சீராகப் படிந்திருக்கும், அடியில் உள்ள திசு நிறம் மாறாமல் நலமாக இருக்கும். இது பயிரே சுரக்கும் மெழுகு. சோளத்தின் புறத்தோலில் சிலிக்கா உயிரணுவும் தக்கை உயிரணுவும் இணை இணையாக அமைந்திருக்கின்றன. அந்தத் தக்கை உயிரணுக்களின் மேலுள்ள நுண்ணிய முகடுகள் வழியாக மெழுகு மிக மெல்லிய, உள்ளீடற்ற இழைகளாக வெளியே வருகிறது. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் இலையுறை முழுவதும் அந்த இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது தெரியும்; அவை ஒளியைப் பல திசைகளிலும் சிதறடிப்பதால்தான் நம் கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றுகிறது. அதன் பெரும்பகுதி 28, 30 கார்பன் அணுக்கள் கொண்ட நீண்ட கொழுப்பு அமிலங்கள். பசுங்கணிகத்தில் 16, 18 கார்பன் நீளத்தில் உருவாகும் அமிலத்தை இரண்டிரண்டு கார்பனாக நீட்டி, உயிரணுவுக்கு வெளியே கடத்துவதற்குப் பயிர் கணிசமான ஆற்றலைச் செலவழிக்கிறது.

பொடியாகத் தெரியும் இந்த மேல்மெழுகைத் தவிர, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு மெழுகும் உண்டு. புறத்தோலின் மேல் படலமாகப் படிந்துள்ள கியூட்டிகிளில், கியூட்டின் என்னும் பொருளுக்குள்ளேயே பொதிந்திருக்கும் உள்மெழுகு அது. சேர்ந்து அமைந்த இந்த இரண்டையும் வைத்துத்தான் இலையின் நீர்க்காப்பைப் பேச வேண்டும்.

இனி எப்போது உதவுகிறது என்பது. ஈரம் போதுமான நிலத்தில், இலைத்துளைகள் திறந்திருக்கும் பகல் நேரத்தில், இலை இழக்கும் நீரில் 90 முதல் 95 சதவீதம் வரை அந்தத் துளைகள் வழியாகவே போகிறது. கியூட்டிகிள் வழியாகப் போவது மீதியுள்ள சிறு பங்குதான். ஆகவே பயிர் செழிப்பாக இருக்கும் நாட்களில் மெழுகு கூடினாலும் குறைந்தாலும் நீர்ச் செலவில் பெரிய வேறுபாடு ஏற்படுவதில்லை. மண்ணில் ஈரம் வற்றி, வேர் அனுப்பும் நீர் போதாமல், பயிர் தன் துளைகளை இறுக மூடிக்கொண்ட பிறகு கணக்கு தலைகீழாகிறது: அப்போது நீர் வெளியேற எஞ்சியிருக்கும் வழி கியூட்டிகிள் மட்டுமே. இலை எத்தனை நாள் கருகாமல் தாக்குப்பிடிக்கும், அடுத்த மழைத்தூறல் வரும்வரை நுனிக்குருத்தும் கதிரும் உயிரோடு இருக்குமா என்பதெல்லாம் அந்தச் சிறு கசிவின் அளவைப் பொறுத்ததாகிவிடுகிறது. நீங்கள் சொல்லும் மார்கழி, தை மாத நிலைமை ஏறக்குறைய இதுதான். இரவிலும், துளைகள் பெரும்பாலும் மூடியிருக்கும் வேளையில், இதே தடுப்புதான் வேலை செய்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்கச் சோளம் வாய்ப்பான பயிர். மெழுகு பூக்காத சடுதிமாற்றச் சோளங்கள், அதாவது மரபணு ஒன்று திடீரென மாறியதால் அப்படி ஆனவை, நெடுங்காலமாகவே அறியப்பட்டவை. 1970-களில் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் மெழுகுள்ள, மெழுகில்லாத இணை வகைகளை அருகருகே வைத்து ஆராய்ந்தபோது, மெழுகில்லாதவை கூடுதலாக நீரை இழந்தன. மெழுகு படிந்த பரப்பு வெயிலைக் கூடுதலாகத் திருப்பி அனுப்பியதும் தெரியவந்தது. இன்னொரு செய்தியும் உங்களுக்குப் பயன்படும். இலையில் உள்ள மெழுகின் அளவு கூடக்கூடக் கசிவு குறைந்துகொண்டே போவதில்லை; ஓர் அளவை எட்டியதும் தடுப்பு நிறைவடைந்துவிடுகிறது, அதற்கு மேல் படியும் மெழுகால் நீர் மிச்சமாவதில்லை என்று டெக்சாஸில் நடந்த ஆய்வுகள் காட்டின. எனவே உங்கள் நிலத்தில் மிக வெள்ளையான செடிக்கும் நடுத்தரமாக வெளுத்த செடிக்கும் இடையே நீர்க்காப்பில் வேறுபாடு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மெழுகே இல்லாத செடிக்குத்தான் நட்டம்.

வறட்சி தொடங்கியதும் மெழுகுச் சுரப்பு கூடுவதும் இயல்பு. காய்ச்சல் கண்ட நிலத்துப் பயிர், பாசன நிலத்துப் பயிரைவிட வெளுத்துத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். அதனால், வறண்ட இடத்துச் செடியையும் ஈரமான இடத்துச் செடியையும் ஒப்பிட்டு, இது நல்ல வகை, அது மோசமான வகை என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

பதில் — தானியக்களம்

இலைத்துளை ஐயா சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் மெழுகில்லாத சோளத்தை வைத்து வெள்ளைப் பொடிதான் நீரைக் காக்கிறது என்று சொல்வதில் எனக்கு ஒரு தடை உண்டு. 1994-இல் வெளியான ஜெங்க்ஸ் குழுவினரின் ஆய்வில், மெழுகு பூக்காத சோளச் சடுதிமாற்றம் ஒன்றில் கியூட்டிகிள் படலமே மெலிந்துபோயிருந்தது. அதன் வழியாக நீராவி கசிவது கூடியிருந்தது. இலைக்கருகல் நோய்க்கும் அது எளிதில் ஆளானது. அதாவது அந்த மரபணு மேலே உள்ள பொடியை மட்டும் எடுத்துவிடவில்லை, அடியில் உள்ள படலத்தையும் சேர்த்தே கெடுத்திருக்கிறது. அப்படியிருக்கும்போது கூடுதல் நீரிழப்பைப் பொடியின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. வேறு பல தாவரங்களில் மேல்மெழுகை மட்டும் பக்குவமாக உரித்தெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அரபிக் கோந்தை இலைமேல் தடவி, காய்ந்ததும் உரித்தால் மேல்மெழுகு கோந்தோடு வந்துவிடும், உள்மெழுகு அப்படியே இருக்கும். அப்படி உரித்த பிறகும் சில இனங்களில் நீர்க்கசிவு கூடவே இல்லை. வேறு சிலவற்றில் கூடியது. நீரைத் தடுக்கும் வேலையில் உள்மெழுகின் பங்கைக் குறைத்து மதிப்பிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அப்படியானால் மேலே தெரியும் மெழுகுக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு. அதைக் கோதுமையில் தெளிவாகப் பார்க்கலாம். கோதுமையில் நீலங்கலந்த சாம்பல் பூச்சுள்ள வகைகளும் பளபளப்பான பச்சை வகைகளும் இருக்கின்றன. கதிருக்கு நேர் கீழேயுள்ள கண்ணாடி இலையின் உறையிலும் கதிர்க்காம்பிலும் தெரியும் அந்தச் சாம்பல் நிறத்துக்குக் காரணம் பீட்டா டைகீட்டோன் என்னும் மெழுகு வகை. நுண்ணோக்கியில் அது நுண்குழல்களாகத் தெரியும். அதே கோதுமையின் இளம் இலைகளில் 28 கார்பன் ஆல்கஹால் தகடு தகடாகப் படிந்திருக்கும். ஒரே செடியில், பருவத்துக்கு ஒன்றாக இரண்டு வகை மெழுகு! 1980-களில் ஆஸ்திரேலியாவில் ரிச்சர்ட்ஸ் முதலானோர், இந்தப் பூச்சில் மட்டும் வேறுபட்டு மற்றெல்லாம் ஒத்த கோதுமை இணைகளை வறண்ட நிலத்தில் வளர்த்து ஒப்பிட்டார்கள். பூச்சுள்ளவை வறட்சியில் கூடுதல் விளைச்சல் கொடுத்தன. அதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் முக்கியமானது குளிர்ச்சி. பூச்சுள்ள இலை வெயிலைக் கூடுதலாகத் திருப்பி அனுப்புவதால், குறைவான நீரை இழந்தும் அதன் வெப்பநிலை சற்றுத் தணிந்தே இருந்தது. வேறுபாடு ஒரு டிகிரி செல்சியசுக்கும் குறைவுதான். ஆனால் மணி நிரம்பும் காலம் முழுவதும் நாள்தோறும் பல மணி நேரம் அந்தத் தணிவு நீடித்தால், இலை பழுப்பது தள்ளிப்போய், மணிக்கு மாவு சேரும் காலம் சில நாட்கள் நீள்கிறது. கரிசல் சோளத்தில் பால் பிடித்த பிறகுதான் வறட்சி வருகிறது என்பதால், இந்தக் குளிர்ச்சிக் கணக்கு நம் நண்பரின் நிலைமைக்கு நீர்க்கசிவுக் கணக்கை விடக்கூட நெருக்கமானது என்று நினைக்கிறேன்.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் கோதுமையிலேயே இருக்கிறது. பிரிட்டனில் பயிரிடப்பட்ட ஷாம்ராக் என்னும் ரகம், காட்டு எம்மர் கோதுமையிலிருந்து வந்த ஒரு மரபுக்கூற்றால் சாம்பல் பூச்சற்றுப் பளிச்சென்று பச்சையாக இருப்பது. குரோமோசோமின் அந்தப் பகுதியைச் சுமந்த வழித்தோன்றல்களில் இலை நெடுநாள் பச்சையாக நின்றதும் விளைச்சல் கூடியதும் பதிவாகியிருக்கின்றன. பிரிட்டனின் மேகமூட்டமும் மிதமான வெயிலும் வேறு, நம் மாசி வெயில் வேறு என்பது உண்மை. ஆனாலும் பூச்சு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கெட்டது என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதை அது காட்டுகிறது.

மெழுகு என்பது ஒரே ஒரு மரபணுவின் வேலையும் அல்ல. வாற்கோதுமையில் மெழுகுப் பூச்சு குறைந்த சடுதிமாற்றங்களை ஸ்வீடனில் பல பத்தாண்டுகளாகச் சேர்த்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்தச் செடிகளை ஆராய்ந்தபோது, 70-க்கும் மேற்பட்ட மரபிடங்கள், அதாவது குரோமோசோமில் மரபணு அமைந்த இடங்கள், அதில் பங்கு கொள்வது தெரிந்தது. இத்தனை மரபணுக்கள் சேர்ந்த பண்பை நிறத்தைப் பார்த்து மட்டும் தேர்ந்தெடுத்தால், எதைத் தேர்ந்தெடுத்தோம் என்பது நமக்கே தெரியாது.

நெல்லைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. சோளத்தோடு ஒப்பிட்டால் நெல் இலையில் மெழுகு குறைவு. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1970-களிலேயே இதை அளந்து பார்த்திருக்கிறது. நெல் வறட்சியில் விரைவாக வாடுவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று. ஆனால் அந்தக் குறைந்த மெழுகே வெள்ளத்தில் வேறொரு வேலையைச் செய்கிறது. இலை நீரில் மூழ்கும்போது மெழுகுப் பரப்பு நீரை ஒட்டவிடாமல் மெல்லிய காற்றுப் படலத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தப் படலத்தின் வழியாகப் பயிர் மூச்சு விடுகிறது. இந்தப் படலத்துக்குக் காரணமான மெழுகு மரபணு 2018-இல் அடையாளம் காணப்பட்டது.

பதில் — இலைத்துளை

தானியக்களம் சொல்வது நியாயமான தடை. சோளச் சடுதிமாற்றங்களில் பொடியும் படலமும் பல நேரங்களில் ஒன்றாகவே பாதிக்கப்படுகின்றன. இரண்டின் பங்கையும் பிரித்துச் சொல்ல அந்தச் செடிகள் மட்டும் போதாது. ஆனால் ஒரு விவசாயியின் பார்வையில், பொடி அறவே இல்லாத செடியை ஒதுக்குவதற்கு அந்தச் சான்றே போதுமானது என்பதில் எனக்கு மாற்றமில்லை. பொடி இல்லாமற்போனது அடியிலுள்ள படலமும் கெட்டிருக்கலாம் என்பதற்கான வெளி அடையாளம் என்று வைத்துக்கொண்டாலும் முடிவு ஒன்றுதான்.

வைப்பாற்றுக்கரை

இருவருக்கும் நன்றி. பொடி இருப்பது வேறு, நீர் கசியாமல் இருப்பது வேறு என்றால், என்னிடமுள்ள இரண்டு வகைகளில் எது உண்மையில் குறைவாகக் கசிகிறது என்பதை ஆய்வகம் போகாமல் பார்க்க வழி உண்டா? வீட்டில் நகைக்கடைக்காரர் பயன்படுத்துவது போன்ற சிறிய மின்னணுத் தராசு ஒன்று இருக்கிறது.

பதில் — பீக்கரும் பிப்பெட்டும்

தராசு இருந்தால் தாராளமாகச் செய்யலாம். ஆராய்ச்சியாளர்களும் கோதுமையில் இதே முறையைத்தான் நெடுங்காலமாகக் கையாள்கிறார்கள். செலவில்லாத சோதனை, ஆனால் பொறுமை வேண்டும்.

இரண்டு வகையிலும் ஒரே நாளில் பூவெடுத்த செடிகளைத் தேர்ந்தெடுத்து, மேலிருந்து இரண்டாவது அல்லது மூன்றாவது இலையை எடுத்துக்கொள்ளுங்கள். இரு வகையிலும் அதே எண் இலையாக இருக்க வேண்டும். விடியற்காலையில், இலை நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும்போது, உறையோடு சேருமிடத்தில் வெட்டி, பனித்துளி இருந்தால் தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிட்டு, வெட்டுவாயை உடனே வாசலினாலோ உருகிய மெழுகுவத்தியாலோ அடைத்துவிடுங்கள். பிறகு எல்லா இலைகளையும் நிழலில், காற்று சீராக இருக்கும் ஓர் அறையில், ஒரே கொடியில் அருகருகே தொங்கவிட்டு, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எடை போட்டுக் குறித்துக்கொண்டே வாருங்கள். முதலில் எடை வேகமாகக் குறையும். அது துளைகள் வழியாகப் போகும் நீர். வெட்டிய இலையில் துளைகள் மூடிக்கொண்ட பிறகு இறக்கத்தின் வேகம் தணிந்து, ஒரு நிலையான சரிவாக மாறும். அந்த இரண்டாவது சரிவுதான் உங்களுக்கு வேண்டியது. பெரும்பாலும் கியூட்டிகிள் வழியாகவும், சரியாக மூடாத சில துளைகள் வழியாகவும் கசியும் நீர் அது. இலையின் நீளத்தை அகலமான இடத்தின் அகலத்தால் பெருக்கி, 0.75-ஆல் மீண்டும் பெருக்கினால் சோள இலையின் பரப்பு ஏறக்குறையக் கிடைத்துவிடும். சரிவைப் பரப்பால் வகுத்து இரு வகைகளையும் ஒப்பிடலாம். இலையளவு வேறுபடும்போது எடையை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

ஒரே செடியிலிருந்து எடுத்த இரண்டு இலைகளில் ஒன்றின் அடிப்புறப் பொடியை ஈரப் பஞ்சால் மிக மென்மையாக ஒற்றி எடுத்துவிட்டு இதே சோதனையைச் செய்தால், மேலே நடந்த விவாதத்தின் ஒரு பகுதியை நீங்களே பார்த்துவிடலாம். ஆனால் அழுத்தித் தேய்த்தால் கியூட்டிகிள் கீறிவிடும். கீறலில் போகும் நீரைப் பொடியின் கணக்கில் சேர்த்துவிட நேரும்.

மெழுகின் அளவையே அறிய வேண்டுமானால் ஆய்வகம்தான் வழி. 1977-இல் எபர்கான், புளும், ஜோர்டான் ஆகியோர் சோளத்துக்கென்றே வகுத்த முறை இன்றும் பல கல்லூரிகளில் நடைமுறையில் இருக்கிறது. குறிப்பிட்ட பரப்புள்ள இலைத்துண்டுகளைக் குளோரோஃபார்மில் சுமார் 15 வினாடி அமிழ்த்தி எடுப்பார்கள். அதற்குள் மெழுகு கரைந்து வந்துவிடும். அதற்கு மேல் வைத்திருந்தால் உள்ளிருக்கும் கொழுப்பும் பச்சையமும் கலந்துவிடும். கரைசலை ஆவியாக்கி, எஞ்சிய மெழுகோடு அமிலம் கலந்த பொட்டாசியம் டைகுரோமேட்டைச் சேர்த்துக் கொதிநீரில் வைத்தால், மெழுகின் அளவுக்கு ஏற்ப ஆரஞ்சு நிறம் பச்சையை நோக்கி மாறும். அந்த நிறமாற்றத்தை 590 நானோமீட்டரில் அளந்து மெழுகைக் கணக்கிடுவார்கள். இதை வீட்டில் முயல வேண்டாம். குளோரோஃபார்ம், கந்தக அமிலம், குரோமேட்டு மூன்றுமே ஆபத்தானவை.

பதில் — காங்கேயத்துக் காட்டுக்காரன்

சோப்பைப் பற்றிய கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. மெழுகு பூத்த இலையில் வெறும் நீரைத் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்துவிடும் என்பது தெளிப்பான் தோளில் மாட்டிய எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒட்டும் திரவமோ காதி சோப்புக் கரைசலோ சேர்க்காமல் தெளிப்பதில் பயனில்லை. அந்த நனைக்கும் பொருட்கள் மெழுகு இழைகளின் அமைப்பைக் கலைக்கக்கூடியவை என்பதும், அவற்றில் சில கியூட்டிகிளின் கசிவைக் கூட்டக்கூடியவை என்பதும் ஆய்வுகளில் தெரிந்தவையே. ஆகவே பரிந்துரைத்த அளவுக்கு மேல் சோப்பைக் கொட்டாமல், மண்ணில் ஈரம் இருக்கும் நாட்களில், வெயில் தாழ்ந்த பின் தெளிப்பதே நல்லது. வளர்ந்துகொண்டிருக்கும் இளம் இலைகளில் மெழுகு மீண்டும் சுரக்கும். முற்றிய இலைக்கு அந்தத் திறன் குறைவு. இலை சுருண்டு நிற்கும் வறட்சியில், பூச்சித் தாக்குதல் கடுமையாக இல்லாதபோது, சோப்புக் கரைசலைத் தவிர்த்துவிடலாம் என்பது என் கருத்து.

பயிர் தானாகச் செய்யும் வேலைக்கு நாம் துணை செய்யவும் ஒரு வழி உண்டு. வறட்சிக் காலத்தில் கயோலின் என்னும் வெண்களிமண் தூளை 3 சதவீதக் கரைசலாக, அதாவது லிட்டருக்கு 30 கிராம் கலந்து, மானாவாரிச் சோளத்தின் மேல் தெளிக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. இலைமேல் படியும் வெண்படலம் வெயிலைத் திருப்பி அனுப்பி இலையைக் குளிர வைக்கிறது. கோதுமையில் சாம்பல் பூச்சு செய்வதாகத் தானியக்களம் சொன்ன அதே வேலை. தூள் அடியில் தங்கி முனையை அடைத்துக்கொள்ளும் என்பதால், கரைசலைத் துணியில் வடிகட்டி, தெளிக்கும்போதே அடிக்கடி கலக்க வேண்டும். கருகத் தொடங்கிய பிறகு தெளித்தால் கூலிதான் வீண்.

இன்னொன்று, எங்களைப் போல மாட்டுக்காகச் சோளம் போடுபவர்களுக்கு. மெழுகில்லாச் சோளத்தின் இலை, மெழுகுள்ளதைவிடச் சற்று எளிதாகச் செரிக்கிறது என்று 1970-களிலேயே அமெரிக்காவில் கண்டிருக்கிறார்கள். அங்கே சோளத்தைத் தாக்கும் பச்சை அசுவினி ஒன்று மெழுகில்லாத செடிகளை அவ்வளவாக விரும்புவதில்லை என்பதும் பதிவாகியிருக்கிறது. தண்ணீர் பாயும் இடத்தில் தீவனத்துக்கு விதைப்பவருக்கு வெள்ளைத் தட்டை வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மானாவாரிக்காரர் கணக்கு வேறு.

பதில் — தானியக்களம்

விதைத் தேர்வைப் பற்றி எஞ்சியதைச் சொல்லிவிடுகிறேன். பெரியப்பாவின் வழக்கத்தை அப்படியே விட்டுவிட வேண்டாம். ஆனால் அதைப் பொதிப் பருவத்துக்குப் பிந்திய செடியில் மட்டும் கடைப்பிடியுங்கள். நாற்றுப் பருவத்தில் கணக்கு வேறாக இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் பகுதிக் கரிசலில், மழைக்காலம் முடிந்தபின் விதைத்து மண்ணில் தேங்கிய ஈரத்தில் மட்டுமே விளைவிக்கும் மால்தண்டிச் சோளமும், அதிலிருந்து 1930-களில் தேர்ந்தெடுத்த எம் 35-1 ரகமும் வறட்சி தாங்குவதில் பெயர் பெற்றவை. அவற்றின் நாற்று இலைகள் மேல்மெழுகு குறைந்து, வெளிர்பச்சையாகப் பளபளப்பாக இருக்கும். ஐதராபாத் அருகே பட்டஞ்செருவில் உள்ள பன்னாட்டு ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட் 1980-களில் ஆராய்ந்தபோது, இந்தப் பளபளப்புக்கும் குருத்து ஈ எதிர்ப்புக்கும் நாற்றுப் பருவ வறட்சித் தாங்கலுக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டது. குருத்து ஈயின் புழு, குருத்து இலையில் படரும் மெல்லிய ஈரப்படலத்தில் ஊர்ந்துதான் வளர்நுனிக்கு இறங்குகிறது. அந்த ஈரம் பனி அல்ல, இலையிலிருந்தே கசிவது. பளபளப்பான நாற்றுகளில் அந்தக் கசிவு மிகக் குறைவு. பொடி தெரியாத இலை நீரைக் கசியவிடாமல் வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

அதனால் மூன்று நான்கு இலை விட்ட நாற்றில் வெண்மையைத் தேட வேண்டாம். பளபளப்பான, குருத்து காயாத நாற்றுகளை நிற்கவிட்டு மற்றவற்றைப் பயிர் கலைக்கும் நேரத்தில் எடுத்துவிடலாம். பூவெடுக்கும்போது உறையில் மெழுகு நன்றாகப் பூத்த செடிகளுக்குத் துணிக்கயிறு கட்டி, பூவெடுத்த நாளையும் குறித்து வையுங்கள். அறுவடைக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பு அதே செடிகளை மீண்டும் பார்த்து, மேலிலைகள் இன்னும் பச்சையாக நிற்பவை, தட்டை சாயாதவை, மணி திரட்சியானவை ஆகியவற்றிலிருந்து மட்டும் விதைக்கதிர் எடுங்கள். ஆழமாக இறங்கும் வேரும், மண்ணீரம் தீர்வதற்குள் முற்றிவிடும் வயதும்தான் கரிசலில் சோளத்தைப் பெரும்பாலும் காப்பாற்றுபவை. மெழுகு அவற்றுக்குப் பின்னால் வரும் துணை. வரப்போரச் செடிகளுக்கு இடமும் ஈரமும் கூடுதல் என்பதால் அவற்றை விதைக்கு எடுக்காதீர்கள்.

உங்கள் இரண்டு வகைகளோடு கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தின் மானாவாரி ரகம் ஒன்றையும் இரண்டு பாத்தி விதைத்து, மூன்றையும் அந்தத் தராசுச் சோதனைக்கு உட்படுத்தினால், ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் கிடைக்கும். எண்களை இங்கே பதிந்தால், கணக்கைச் சரிபார்த்துச் சொல்கிறேன்.